யானைமலைக்கு 1858-ல் படம், எங்க ஆத்தாவுக்கு இப்பத்தான்

போன ஐப்பசியில் எங்க தெருவுல ஒரு பெரியம்மா இறந்துட்டாங்க. எண்பத்து நாலு வயசு. நல்ல சாவுதான், படுக்கையில கிடக்கல. மதியம் ரெண்டு மணிக்கு உசிரு போச்சு, நாலு மணிக்கு முக்குல பிளெக்ஸ் வச்சாச்சு. கண்ணீர் அஞ்சலி, கீழ பேரன் பேத்தி பேரு வரிசையா. நான் வேட்டியை மாத்திக்கிட்டுப் போனப்ப அந்தப் பிளெக்ஸைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்னுட்டேன். அது அந்தப் பெரியம்மா மாதிரியே இல்ல. கண்ணு ரெண்டும் புகை மூட்டமா, முகம் கரைஞ்ச மாதிரி. அப்புறம் அவங்க மகன் சொன்னாரு: “ஒரு போட்டோவும் அம்புடலண்ணே. ஆதார் கார்டுல இருந்து பெருசு பண்ணிட்டாங்ய.”

தபால்தலை அளவு படத்தை ஆறடிக்கு இழுத்தா வேற எப்படி இருக்கும்.

கொள்ளி வச்சுத் திரும்பி வந்து குளிச்சிட்டு, வீட்ல பீரோவைத் திறந்து எங்க ஆத்தா படம் ஏதாச்சும் இருக்கான்னு தேடினேன். இதை எழுதும்போது ஆத்தாவுக்கு எண்பத்து ஒண்ணு நடக்குது. தேடினதுல கிடைச்சது மூணு: வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, ஆதார். அதாவது அரசாங்கம் எங்க ஆத்தாவை மூணு தடவை படம் எடுத்திருக்கு. பெத்த பிள்ளை நான் ஒரு தடவையும் எடுக்கல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பழைய கேமரா ஒண்ணு வாங்கின கதைதான் இது. ஆனா கதை எங்க ஊட்டுல தொடங்கல, எங்க வயலுக்கு மேக்க நிக்கிற யானைமலையில தொடங்குது.

மதுரையில இருந்து மேலூர் வர்றவங்களுக்கு ஒத்தக்கடையில யானைமலை தெரியும். துதிக்கையை நீட்டிப் படுத்த யானை கணக்கா ஒரே கல்லு. எங்க வரப்புல நின்னா அதோட முதுகு தெரியும். சின்னப் பிள்ளையில இருந்து அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்லுவோம், மழை சொல்லுவோம். ரெண்டு வருசம் முன்ன என் மகன் கம்ப்யூட்டர்ல ஒரு படம் காட்டினான். பழுப்பேறிப்போன படம். “இது எந்த மலைன்னு சொல்லுங்கப்பா”ன்னான். பார்த்த உடனே சொல்லிட்டேன். நம்ம யானைமலை, ஒரு கோடியில நின்னு எடுத்தது. எடுத்த வருசம் 1858.

எடுத்தவர் பேரு லின்னேயஸ் ட்ரைப். கும்பெனிக்காரங்களோட மதராஸ் பட்டாளத்துல கேப்டன். அதுக்கு முன்ன 1855-ல பர்மாவுக்குப் போன தூதுக் குழுவோட போய் அங்க படம் எடுத்தவர். மதராஸ் அரசாங்கம் அவரை அரசுப் படக்காரரா வச்சுக்கிச்சு. கோயில், கோட்டை, மலை, அரண்மனை எல்லாத்தையும் படம் பிடிக்கணும்னு 1857 கடைசியில கிளம்பினவரு சீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுத்தினாரு. மதுரைக்கு வந்தது 1858 ஜனவரி, பிப்ரவரி மாசம். மீனாட்சி கோயிலு, திருமலை நாயக்கர் மகாலு, தெப்பக்குளம், அப்புறம் யானைமலை.

பிரான்சுல டாகர் என்கிறவரு வெள்ளித் தகட்டுல படம் பிடிக்கிற வித்தையை வெளியிட்டது 1839. பத்தொம்பதே வருசத்துல அந்த வித்தை எங்க ஊர் மலைக்கு வந்துருச்சு. மின்சாரம் எங்க தெருவுக்கு வந்ததைவிட வெகு வருசம் முந்தி கேமரா வந்திருக்கு! ஆனா அந்தக் கேமராவை இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது மாதிரி நினைச்சிரக் கூடாது. பெட்டி பெருசு. ஒரு அடிக்கு ஒண்ணே கால் அடி இருக்கிற காகிதத்துல மெழுகு தேய்ச்சு, எண்ணெய்த் தாள் மாதிரி வெளிச்சம் ஊடுருவுறாப்புல பண்ணி, அதுல மருந்து ஏத்தி, அதைத்தான் நெகட்டிவா வச்சாரு. மருந்து, பெட்டி, தட்டுமுட்டு எல்லாம் மாட்டு வண்டியில. படம் விழ ரொம்ப நேரம் மூடியைத் திறந்து வச்சிருக்கணும். அந்த நேரத்துல குறுக்க நடந்து போறவன் படத்துல விழமாட்டான், புகையாக் கரைஞ்சு போயிருவான். அதனாலதான் அவரு படங்கள்ல பெரும்பாலும் ஆளே இருக்காது. கல்லு நிக்கும், ஆளு நிக்கமாட்டானே.

இதை நான் பல நாள் யோசிச்சிருக்கேன். அவரு யானைமலைக்கு எதிர்க்க பெட்டியை வச்சப்ப எங்க பாட்டனுக்குப் பாட்டன் இந்தப் பக்கம் எங்கயோ மாடு ஓட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கணும். அப்ப எங்க பக்கம் பெரியாத்துத் தண்ணி கிடையாது. அணை கட்டி முடிச்சதே 1895-ல. கண்மாய்த் தண்ணியை நம்பின வெள்ளாமை. பாட்டனோட முகம் எப்படின்னு தெரியாது, பேரு கூட ரெண்டு தலைமுறைக்கு மேல தெரியாது. மலை மட்டும் அப்படியே லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் வரைக்கும் போயிருச்சு.

இன்னொண்ணும் மகன் படிச்சுச் சொன்னான். ட்ரைப் துரை படத்துல வானம் வெறுமையா விழுந்தா நெகட்டிவுல மை தொட்டு மேகம் வரைஞ்சிருவாராம், மரத்துக்கு இலை சேர்ப்பாராம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி எங்க வீட்டுக்கே வரும். அவரோட வேலை ரொம்ப நாள் நீடிக்கல. இது ஆடம்பரச் செலவுன்னு சொல்லி அடுத்த ஒண்ணு ரெண்டு வருசத்துல அரசாங்கம் அந்தப் பதவியையே எடுத்துருச்சு.

ஒரு வருத்தமும் இதுல இருக்கு. மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டினதுல பல குன்று தரைமட்டமாப் போச்சு. நான் ஆடு மேய்ச்ச பாறை ஒண்ணு இப்ப தண்ணி நிக்கிற பள்ளம். அதுக்கு எந்தத் துரையும் படம் எடுக்கல, நாங்களும் எடுக்கல.

துரைமாருக்குப் பின்னால ஜமீன்தாரு, செட்டியாருமாரு, வக்கீலுமாருன்னு படம் எடுத்துக்கிட்டாங்க. மதராஸ், மதுரையில ஸ்டூடியோ வந்துச்சு. எங்களை மாதிரி ஆளுக கிட்ட அது வந்து சேர இன்னொரு நூறு வருசம் ஆச்சு. எனக்கு விவரம் தெரிஞ்சு எழுபதுகள்ல மேலூர்ல ஸ்டூடியோ இருந்துச்சு. உள்ள துணியில வரைஞ்ச பூங்கா, ஒரு படிக்கட்டு, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. கல்யாணம் முடிஞ்ச சோடி போய் விறைப்பா உக்காந்து எடுத்துக்கிட்டு வருவாங்க. கலியாணத்துக்கு ஒண்ணு, பிள்ளை பிறந்தா ஒண்ணு, அவ்வளவுதான் வசதி உள்ளவனுக்கே. எங்க ஊர் வாத்தியார் ஒருத்தர்கிட்ட மட்டும் சொந்தமா அக்பா கிளிக் த்ரீ கேமரா இருந்துச்சு. நம்ம நாட்டுலயே செஞ்சு வித்த கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கழுத்துல மாட்டிக்கிட்டு வருவாரு. பன்னிரண்டையும் எண்ணி எண்ணி எடுப்பாரு.

அந்தச் சுருளுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு மத்திய அரசு ஆலை. 1960-ல கம்பெனி தொடங்கி, 1967-ல உற்பத்திக்கு வந்துச்சு. பிலிம் செய்யத் தூசி ஆகாது, சூடு ஆகாது, நல்ல தண்ணி வேணும், அதுக்காகத்தான் மலை மேல வச்சாங்க. ‘இந்து’ன்னு பேரு போட்டு வந்த கருப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்க செஞ்சதுதான். நான் பிறந்ததும் அதே 1967-ங்கிறதால எனக்கு அந்த ஆலை மேல ஒரு பாசம். கலர் வந்ததும் போட்டி போட முடியாம தொண்ணூறுகள்ல நலிஞ்சு போச்சு. பெறகு பூட்டிட்டாங்க.

இப்ப எங்க அப்பா படத்துக்கு வர்றேன். 1974-ல எங்க ஊர் கூட்டுறவு சங்கத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தப்ப எல்லாரையும் நிக்க வச்சு ஒரு குரூப் போட்டோ எடுத்தாங்க. மூணு வரிசை. முன்னாடி நாற்காலியில அதிகாரிக, தலைவரு. மூணாவது வரிசையில எங்க அப்பா, தோள்ல துண்டு. முன்னாடி நிக்கிறவரு தலைப்பாக்கட்டு எங்க அப்பா முகத்துல பாதியை மறைச்சிருச்சு. ஒரு கண்ணு, ஒரு கன்னம், மீசையில பாதி. எங்க அப்பாவுக்கு ஆயுசுல இருந்த படம் அது ஒண்ணுதான்.

1988-ல அப்பா பாம்பு கடிச்சு இறந்துட்டாரு. நாப்பத்தெட்டு வயசு. கருமாதிக்குப் படம் வைக்கணுமே. அந்தக் குரூப் போட்டோவைக் கொண்டுபோய் ஸ்டூடியோவுல குடுத்தேன். அங்க ஒரு பெயிண்டர் இருந்தாரு, முகத்தை மட்டும் தனியாப் பெருசாக்கி, மறைஞ்ச பாதியை வரைஞ்சு குடுத்துருவாரு. துண்டு வேணாம்னா எடுத்துட்டு கோட்டு போடுவாரு. நல்லவேளை கோட்டு போடல, சட்டை போட்டு விட்டாரு. கலர் தொட்டு, பிரேம் போட்டு வந்துச்சு. ஊரே பார்த்து “அச்சு அசலா இருக்கு”ன்னாங்க. ஆத்தா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. மாலை எல்லாம் போட்டு எல்லாரும் போன பெறகு என்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்னா:

“அது உங்க அப்பா கண்ணு இல்லய்யா. அவுகளுக்கு எடது கண்ணு கொஞ்சம் சின்னது.”

பெயிண்டர் பாவம் என்ன செய்வாரு, இருந்த வலது கண்ணைப் பார்த்து அதே மாதிரி இன்னொண்ணை வரைஞ்சிட்டாரு. ட்ரைப் துரை மேகம் வரைஞ்ச மாதிரி. மூலப் படத்தோட நெகட்டிவ் கிடைக்குமான்னு பின்னால விசாரிச்சேன். படம் எடுத்த கடையை மூடிட்டாங்க, இருந்த நெகட்டிவ் எல்லாம் வெள்ளி உருக்கி எடுக்கிறவங்களுக்கு எடை போட்டாச்சுன்னு பதில் வந்துச்சு. பழைய பிலிம்ல கொஞ்சம் வெள்ளி உண்டு, அதுக்கு ஆளு வாங்க வருவான். இப்படி எத்தனை குடும்பத்தோட முகம் கிலோக் கணக்குல போச்சோ.

என் கல்யாணம் 1994. அப்ப கலர் பிலிம் தாராளமா வந்துருச்சு. முப்பத்தாறு படச் சுருள் மூணு, ஆக நூத்தி எட்டுப் படம். ஆல்பம் இன்னும் இருக்கு. பிளெக்ஸ் பார்த்துட்டு வந்த அன்னைக்கு அதையும் எடுத்துப் பக்கம் பக்கமாப் புரட்டினேன். நூத்தி எட்டுல எங்க ஆத்தா எத்தனைன்னு நினைக்கிறீங்க? ஒண்ணுல தாம்பாளம் பிடிச்ச கை தெரியுது, வளையல் இல்லாத கை. அது ஆத்தா கைன்னு எனக்குத் தெரியும். இன்னொண்ணுல வாசப்படி நிழல்ல நிக்கிற மாதிரி ஒரு உருவம். அவ்வளவுதான்.

யாரும் வெளிய போன்னு சொல்லல. புருசன் இல்லாதவ மணவறை முன்னாடி நிக்கக் கூடாதுன்னு அவளே ஒதுங்கிக்கிட்டா. போட்டோக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாங்கன்னு கூப்பிட்டப்ப மாமா, அத்தை, சித்தப்பா எல்லாம் வந்து நின்னாங்க. என்னைப் பெத்தவ அடுப்படியில இருந்தா. எனக்கும் அன்னைக்கு அது தப்பாத் தெரியல. இதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது, மத்தவங்களைச் சொல்லி என்ன.

அதுக்கு அடுத்த வருசம் வாக்குல வாக்காளர் அட்டைக்கு எங்க பள்ளிக்கூடத்துல வச்சுப் படம் எடுத்தாங்க. சேஷன் தேர்தல் ஆணையரா இருந்தப்ப 1993-ல கொண்டுவந்த திட்டம். கட்சிக்காரங்க என்ன வேணா பேசட்டும், என் கணக்குல நாட்டுல கோடிக்கணக்கான ஏழை சனத்துக்கு மொதமொதல்ல முகத்தைப் படம் பிடிச்சது அந்தத் திட்டந்தான். எங்க தெருவுல பாதிப் பேருக்கு அதுதான் முதல் போட்டோ. ஆத்தா அன்னைக்குத் தலைக்கு எண்ணெய் வச்சுச் சீவி, நல்ல சேலை கட்டிக்கிட்டுப் போனா. வந்த அட்டையில கருப்பா ஒரு திட்டு, அதுல ரெண்டு வெள்ளைப் புள்ளி. “இது நானா?”ன்னு சிரிச்சா. அதையும் பத்திரமா சுருக்குப் பையில வச்சுக்கிட்டா.

பெறகு செல்போன் வந்துச்சு. இனி என்ன கவலைன்னுதான் நானும் இருந்தேன். மகன் போன்ல ஆத்தா படம் நிறைய இருந்துச்சு, வெத்தலை இடிக்கிறது, கோழியை விரட்டுறது எல்லாம். 2019-ல அந்தப் போன் மோட்டார் தொட்டிக்குள்ள விழுந்துச்சு. மூணு கடையில காட்டினோம், ஒண்ணும் மீளல. ஒரு படமாச்சும் காகிதத்துல போட்டு வச்சிருந்தோமான்னா இல்ல. நூத்தி எட்டுப் படம் இருபத்தொன்பது வருசமா பீரோவுல கிடக்கு, போன்ல இருந்த எல்லாம் ஒரு முங்குல போச்சு.

அதனாலதான் தனியா ஒரு கேமரா, எடுத்ததும் அச்சுப் போடறதுன்னு முடிவு பண்ணேன். பக்கத்து ஊர்ல காதுகுத்து, வளைகாப்புக்குப் படம் எடுக்கிற தம்பி ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட கேட்டேன். புதுசு வேணாம்ணே, பழைய டி.எஸ்.எல்.ஆர். இப்ப மலிவுன்னான். ஏன் மலிவுன்னா, அந்த வகைக் கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை மேல திருப்பி நம்ம கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அமுக்கினா கண்ணாடி டபக்குனு மேல மடங்கிக்கும், வெளிச்சம் நேராப் பின்னாடி சென்சாருக்குப் போகும். அந்த ‘டிச்சுக்’ சத்தம் அதுதான். இப்ப கண்ணாடியே இல்லாத கேமரா வந்துருச்சு. நிக்கான், கேனான் ரெண்டு பேரும் 2018-ல பெரிய அளவுல அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. கல்யாணப் படக்காரங்க எல்லாம் பழசைத் தள்ளிவிட்டுப் புதுசுக்கு மாறுறாங்க. நம்ம ஊர்ல டிராக்டர் வந்தப்ப உழவு மாடு விலை இறங்கின மாதிரி.

இந்த டிஜிட்டல் வித்தையோட தொடக்கமும் ஒரு வேடிக்கைதான். 1975-ல அமெரிக்காவுல கோடாக் கம்பெனியில ஸ்டீவன் சாசன்கிற இளவட்ட இன்ஜினியர் பிலிம் இல்லாத கேமரா ஒண்ணு செஞ்சாரு. மூணரை கிலோவுக்கு மேல எடை. படம் பாட்டு கேசட்ல பதியும், ஒரு படம் பதிய 23 விநாடி. மொத்தமே பத்தாயிரம் புள்ளி. பிலிம் வித்துப் பிழைச்ச கம்பெனி அதைப் பெருசா எடுத்துக்கல. 2012-ல அதே கோடாக் திவாலாயிட்டோம்னு கோர்ட்டுக்குப் போச்சு. நான் வாங்கினது நிக்கான் டி3200, அதே 2012-ல சந்தைக்கு வந்த மாடல். ஒரு படத்துக்கு ரெண்டு கோடியே நாப்பது லட்சம் புள்ளி.

மதுரைக்கு நானும் அந்தத் தம்பியும் போனோம். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடை. ரெண்டு கிடாய் வித்த காசு பதினஞ்சாயிரம் மடியில இருந்துச்சு. வீட்டுக்காரி, “அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம்ங்க”ன்னு சொல்லித்தான் அனுப்பினா.

மாடு வாங்கிப் பழகினவனுக்குப் பழைய கேமரா வாங்குறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லங்க. மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிறோம், கேமராவுக்கு ஷட்டர் கணக்கு. எத்தனை தடவை அமுக்கியிருக்காங்கங்கிறது நிக்கான்ல எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எழுதியிருக்குமாம். ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பினோம், அவன் பார்த்துச் சொன்னான்: 31 ஆயிரத்துச் சொச்சம். இந்த வகையில லட்சம் வரைக்கும் போகலாம்னு பொதுவா ஒரு கணக்கு. ஆக நாலு பல்லு மாடு, நல்லா உழைக்கும். முதல்ல காட்டின கேமராவுக்கு லென்ஸுல டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. ஈரத்துல வச்சிருந்தா லென்ஸுக்கும் பூஞ்சை பிடிக்கும், கடலைக்குப் பிடிக்கிற மாதிரியே. வேணாம்னுட்டோம். ரெண்டாவதுல துவாரத்தைச் சின்னதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, பெருசாக்கிப் பார்த்தான் தம்பி. சென்சார்ல தூசி இருந்தா கரும்புள்ளியாத் தெரியும். ரெண்டு புள்ளி இருந்துச்சு, கடைக்காரரே ஊதித் துடைச்சுக் குடுத்தாரு. நல்லா இருக்கும்னு ஒரு பழைய ஐம்பது எம்.எம். லென்ஸைத் தலையில கட்டப் பார்த்தாரு. இந்தக் கேமரா உடம்புல மோட்டார் கிடையாது, அந்த லென்ஸைப் போட்டா தானா போகஸ் ஆகாது, கையாலதான் திருகணும்னு தம்பி காதுல சொன்னான். தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கிற பேரம் மட்டும்தான் இல்ல. கூட வந்த 18-55 லென்ஸ், சார்ஜர், பையோட 13,500-க்கு முடிஞ்சது. பேட்டரி மட்டும் தளர்ந்த பேட்டரி. அது வீட்டுக்கு வந்த பெறகுதான் தெரிஞ்சது.

பழகுறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. துவாரம், ஷட்டர், ஐ.எஸ்.ஓ.ன்னு தம்பி சொன்னப்ப தலை சுத்துச்சு. ஒரு நாள் மடையில நிக்கும்போது பிடிபட்டுச்சு. வயலுக்குத் தண்ணி வேணும். மடையை அகலமாத் திறந்தா சீக்கிரம் பாயும், ஒடுக்கமாத் திறந்தா நேரமாகும். வெளிச்சமும் தண்ணிதான். துவாரம்கிறது மடையோட அகலம், ஷட்டர்கிறது பலகையைத் தூக்கி வச்சிருக்கிற நேரம். ரெண்டும் பத்தலேன்னா ஐ.எஸ்.ஓ.வை ஏத்தணும், ஏத்தினா படம் குருணை குருணையாப் போகும். இவ்வளவுதான். வரப்பு, கொக்கு, நாய்க்குட்டி, அப்புறம் யானைமலை. மலையை அம்பது தடவை எடுத்தேன், அது அசையாம நின்னு குடுத்துச்சு.

ஆத்தா அசையாம நிக்கல. கேமராவைத் தூக்கினாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிடுவா. “படம் எடுத்தா ஆயுசு கொறையும்பாக.” உடனே அவளே சிரிச்சுக்கிட்டு, “இனிமே கொறைய என்ன இருக்கு”ன்னுவா. நான் விடல. ஒரு நாள் காலையில ஏழரை மணி, திண்ணையில உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. வெயில் நேரா விழாம தெருவுல பட்டுத் திரும்பி முகத்துல விழுந்துச்சு. நான் எதிர்க்க கட்டில்ல உக்காந்து மாட்டு விலையைப் பத்திப் பேச்சுக் குடுத்தேன். பேசிக்கிட்டே நிமிர்ந்து பார்த்தா. எடுத்துட்டேன்.

ராத்திரி மகன் அதைக் கம்ப்யூட்டர்ல பெருசாக்கினான். ஒவ்வொரு சுருக்கமும் தெரியுது. தாடைக்குக் கீழ இடது பக்கம் ஒரு தழும்பு, கோணலா, ஒரு அங்குலம் இருக்கும். அம்பத்தாறு வருசமா அந்த முகத்தைப் பார்க்கிறேன், அந்தத் தழும்பை நான் பார்த்ததே இல்ல. கூப்பிட்டுக் கேட்டேன். அவ தொட்டுப் பார்த்துக்கிட்டுச் சொன்னா:

“அது நம்ம கெணறு வெட்டுனப்ப. நீ வகுத்துல ஏழு மாசம். வெடி வச்சாக, எல்லாரும் ஒதுங்குனோம், கல்லுச் சில்லு ஒண்ணு வந்து கிழிச்சிருச்சு. உங்க அப்பா மஞ்சளை வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. நான் அழுகல.”

அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் இன்னைக்கும் என் தென்னை நிக்குது. அப்பா அழுதாருங்கிறதையும் அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

தைப் பொங்கலுக்கு மக, மாப்பிள்ளை, பேரன் எல்லாம் வந்தாங்க. வாசல்ல எல்லாரையும் நிறுத்தி ஒரு குடும்பப் படம் எடுக்கலாம்னு ஸ்டாண்டுல கேமராவை மாட்டினேன். பத்து விநாடி டைமர். நான் அளவு பார்த்துக்கிட்டு இருக்கும்போது ஆத்தா பழைய பழக்கத்துல பொங்கப் பானைத் தட்டைத் தூக்கிக்கிட்டு நைசா வாசப்படி நிழலுக்குப் போயிட்டா.

“ஆத்தா, நடுவுல வந்து உக்காரு.”

“நான் எதுக்குய்யா நடுவுல? சின்னஞ்சிறுசுக நிக்கட்டும்.”

என் வீட்டுக்காரி ஒண்ணும் பேசல. போய்த் தட்டை வாங்கிக் கீழ வச்சிட்டு, “வாங்கத்தே”ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து நாற்காலியில உக்கார வச்சா. பேரனைத் தூக்கி மடியில வச்சா. நான் பட்டனை அமுக்கிட்டு ஓடினேன், சாணித் தரை வழுக்கி, போய்ச் சேர்ந்தது கடைசி நொடியில. படத்துல மாப்பிள்ளை தோளு என் முகத்துல பாதியை மறைச்சிருச்சு. மகன் பார்த்துட்டு, “அப்பா, தாத்தா மாதிரியே நிக்கிறீங்க”ன்னு சொல்லிச் சிரிச்சான். வேற எடுக்கலாம்னு பார்த்தா பேட்டரி தீர்ந்துபோச்சு.

பரவாயில்ல, ஆத்தா நடுவுல இருக்கா. திண்ணைப் படம் ஒண்ணு, குடும்பப் படம் ஒண்ணு, ரெண்டையும் மதுரையில பெரிய அளவுல அச்சுப் போட்டு, பிரேம் மாட்டிக் கொண்டு வந்தேன். ஆத்தா திண்ணைப் படத்தை ரொம்ப நேரம் வச்சுப் பார்த்தா. தழும்பு மேல விரலை வச்சுப் பார்த்தா. அப்பா படத்தைக் கழட்டிட்டு அந்த மூலக் குரூப் போட்டோவுல இருக்கிற பாதி முகத்தையே அப்படியே பெருசாக்கி மாட்டலாமான்னு கேட்டேன். வேணாம்னுட்டா. “கண்ணு அவுக கண்ணு இல்லதான். அதுக்குன்னு முப்பத்தஞ்சு வருசமாப் பூப் போட்டதைக் கழட்டுவியா?”

சரின்னு திண்ணைப் படத்தை அப்பா படத்துக்குப் பக்கத்துல வச்சு அளவு பார்த்தேன். வீட்டுக்காரி பதறிட்டா, உசிரோட இருக்கவங்க படத்தை அங்க மாட்டக் கூடாதுன்னு. அதுவும் சரிதான், ஊர் வழக்கம். ஆணியும் சுத்தியலுமா நடுவீட்டுல நான் முழிச்சுக்கிட்டு நின்னேன். ஆத்தா வெத்தலையை இடிச்சுக்கிட்டே எதிர்ச் சுவரைக் கை காட்டினா.

“இப்பைக்கு அங்கிட்டு மாட்டு. பெறகு இங்கிட்டு மாத்திக்கலாம்.”